வல்லாரைன்னு நெனச்சு நான் வளத்தது வல்லாரையே இல்ல

போன வருஷம் ஆடி மாசம் ஒரு நர்சரியில வல்லாரைன்னு சொல்லி சின்ன கறுப்புக் கவர்ல ஒரு செடி வாங்கிட்டு வந்தேன். பால்கனியில காலை வெயில் மட்டும் படற மூலையில அகலமா ஒரு தொட்டி வெச்சு, மண்ணும் எருவும் கலந்து நட்டு, தினம் ரெண்டு வேளை தண்ணி ஊத்தினேன். ரெண்டே மாசத்துல மண்ணு கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு பரவிடுச்சு. பளபளன்னு வட்ட வட்டமா இலை, ஒவ்வொண்ணும் தனித்தனியா குடை பிடிச்சு நிக்கிற மாதிரி. பாக்கறவங்க எல்லாம் கேட்டாங்க, நானும் பெருமையா கிள்ளிக் கிள்ளி குடுத்தேன், துவையல் அரச்சேன், பையனுக்கு தோசையில போட்டுக் குடுத்தேன். ஒரே ஒரு விஷயம் மட்டும் உறுத்திக்கிட்டே இருந்துச்சு, அந்த கசப்பு வரவே இல்ல. சின்ன வயசுல சாப்பிட்ட வல்லாரைல முதல்ல ஒரு துவர்ப்பு நாக்கைப் பிடிக்கும், அப்புறம் கசக்கும், கடைசில லேசா இனிக்கிற மாதிரி ஒண்ணு தொண்டையில நிக்கும். இதுல எதுவும் இல்ல, சும்மா பச்ச இலை. தொட்டியில வளக்கறதால ருசி கம்மியோ, எரு சரியில்லையோன்னு நானே சமாதானம் சொல்லிக்கிட்டேன்.

தீபாவளிக்கு அம்மா ஊர்ல இருந்து வந்தாங்க. செருப்ப கழட்டினதும் பால்கனிக்குத்தான் போனாங்க, அவங்களுக்கு செடி பாக்காம காபி எறங்காது. தொட்டிகிட்ட குனிஞ்சு ஒரு இலைய நிமித்திப் பாத்துட்டு, "ஏண்டி, இத யாரு வல்லாரைன்னு சொன்னா?"ன்னாங்க. நர்சரியிலன்னு சொன்னேன். "காம்பு எங்க ஒட்டியிருக்கு பாரு. நடு இலையில குடைக்கம்பி மாதிரி ஒட்டியிருக்கு. வல்லாரைக்கு இலையில ஒரு வெட்டு இருக்கும், அந்த வெட்டுலதான் காம்பு வந்து சேரும். இது வேற என்னவோ."

அதுக்கப்புறம் அந்த வாரம் முழுக்க நான் இதையேதான் தேடித் தேடிப் படிச்சேன். நான் வளத்தது ஹைட்ரோகோட்டைல்ங்கற செடி, அழகுக்கு வளக்கறவங்க டாலர் செடின்னும் காசு செடின்னும் சொல்றாங்க, மீன் தொட்டியிலயும் குளத்தங்கரையிலயும் வைப்பாங்க. நல்லவேளையா எங்க யாருக்கும் ஒண்ணும் ஆகல. ஆனா என் கையால கிள்ளி நாலு வீட்டுக்கு வல்லாரைன்னு சொல்லிக் குடுத்திருக்கேன், அந்த நாலு வீட்டுக்கும் போன் பண்ணி சொல்ற வரைக்கும் எனக்கு தூக்கமே இல்ல. வித்தவங்க மேல கோவம் வந்துச்சு, இன்னும் இருக்கு. சாப்பிடற செடின்னு சொல்லி விக்கும்போது அது என்ன செடின்னு தெரிஞ்சிருக்கணும்ல.

இதுல எனக்கு ஆச்சரியமா இருந்தது என்னன்னா, இந்த ரெண்டு செடியையும் குழப்பினது நாங்க மட்டும் இல்ல. 1753-ல லின்னேயஸ்ங்கற ஸ்வீடன் தாவரவியலாளர் வல்லாரைக்கு பேர் வெக்கும்போது ஹைட்ரோகோட்டைல் ஏசியாட்டிகான்னுதான் வெச்சார், அதாவது என் தொட்டியில இருந்த அந்த டாலர் செடியோட இனத்துலயே சேத்துட்டார். 1879-ல ஊர்பன்ங்கற ஜெர்மன் தாவரவியலாளர்தான் அத பிரிச்சு சென்டெல்லா ஏசியாட்டிகான்னு ஆக்கினார், இன்னைக்கும் அதுதான் பேர். இப்ப அந்த டாலர் செடிய குடும்பத்துல இருந்தே எடுத்து ஜின்செங்ங்கற மூலிகை இருக்கற குடும்பத்துக்கு மாத்திட்டாங்க. வல்லாரை மட்டும் பழைய குடும்பத்துலயே இருக்கு, அது எந்தக் குடும்பம் தெரியுமா, கேரட் குடும்பம்.

கேரட், கொத்தமல்லி, சீரகம், சோம்பு, ஓமம், சதகுப்பை, பெருங்காயம், செலரி, எல்லாம் ஒரே குடும்பம். நம்ம அஞ்சறைப் பெட்டியத் திறந்தா பாதி இவங்கதான். அதுல தரையோட தரையா ஓடற இந்த வல்லாரையும் ஒண்ணுன்னு படிச்சப்போ முதல்ல நான் நம்பல. ஏன்னா இந்தக் குடும்பத்துக்கு அடையாளமே பூதான், கொத்தமல்லி பூத்துப் பாத்திருப்பீங்க, ஒரே புள்ளியில இருந்து குடைக்கம்பி மாதிரி காம்புகள் விரிஞ்சு ஒவ்வொண்ணோட நுனியிலயும் வெள்ளையா பூ நிக்கும். கேரட்ட பிடுங்காம விட்டா அதுவும் அப்படித்தான் பூக்கும். இலையும் பொடிப்பொடியா கிழிச்சு விட்ட மாதிரி இருக்கும். வல்லாரை இலையோ முழுசா, வட்டமா, குதிரை லாடம் மாதிரி இருக்கு. பூவா, நான் ஒரு நாளும் பாத்ததே இல்ல.

அம்மா தை மாசம் ஊர்ல இருந்து நிஜ வல்லாரைக் கொடி நாலு ஈரத்துணியில சுத்திக் கொண்டு வந்தாங்க. எங்க ஊர் தஞ்சாவூர் பக்கம், அங்க வாய்க்கா ஓரத்துலயும் போர் செட் தண்ணி வழியற எடத்துலயும் தானா கெடக்கும், யாரும் நட்டது இல்ல. அந்த நாலையும் நட்டு, வேர் பிடிச்சு, புது இலை விட்டு, பங்குனி பாதியில ஒரு நாள் காலைல பையனோட பூதக்கண்ணாடிய எடுத்துக்கிட்டு தொட்டி முன்னாடி தரையில உக்காந்தேன்.

இலைகள ஒதுக்கி அடியில பாக்கணும், மேல இருந்து பாத்தா ஒண்ணுமே தெரியாது. மண்ணு மேல செவந்த நூல் மாதிரி கொடி ஓடுது, ஒவ்வொரு கணுவுலயும் கீழ வெள்ள வேரு எறங்கியிருக்கு, மேல ரெண்டு மூணு இலைக்காம்பு. அந்தக் கணுவுல காம்புகளுக்கு நடுவுல, மண்ண ஒட்டி, ஒரு கடுகு அளவுக்கு என்னவோ இருந்துச்சு. கண்ணாடிய வெச்சுப் பாத்தேன். ஒரு குட்டிக் காம்பு, அது நுனியில படகு மாதிரி ரெண்டு சின்ன செதில், அந்த ரெண்டு செதிலுக்குள்ள மூணு பூ. ஒவ்வொண்ணும் அவ்வளவு பொடிசு. அஞ்சு இதழ், வெள்ளையில ஊதா கலந்த ரோஸ் கலரு, நடுவுல அஞ்சு மகரந்தக் காம்பு. அப்படியே பாத்துக்கிட்டே இருந்தேன், கால் மரத்துப் போச்சு. ஏன்னா அது குடைதான். கொத்தமல்லியில அம்பது பூ நிக்கிற எடத்துல இங்க மூணு பூ, ஆனா அதே குடை, சுருங்கிச் சுருங்கி மண்ணுக்குள்ள ஒளிஞ்சுகிட்ட மாதிரி. முப்பத்தஞ்சு வருஷமா சாப்பிட்ட கீரை, அதோட பூவ அன்னைக்குத்தான் முதல் தடவையா பாக்கறேன்.

காய் இன்னும் நல்ல சாட்சி. கொத்தமல்லி விதைய உள்ளங்கையில வெச்சு தேச்சா ரெண்டா பிளக்கும்ல, மேல வரி வரியா மேடு இருக்கும்ல, சீரகத்துலயும் அந்த வரி இருக்கும். வல்லாரைக் காயும் அதே மாதிரி ரெண்டு பாதி ஒட்டினது, தட்டையா, வட்டமா, மேல வரி, வரிகளுக்கு நடுவுல வலை மாதிரி பின்னல். காயப் பாத்தாலே சொந்தம் தெரிஞ்சுடும். காம்பக் கிள்ளி முகர்ந்து பாத்தா எனக்கு கொத்தமல்லித் தண்டு ஞாபகம் வருது, ரொம்ப லேசா.

இந்தக் குடும்பத்த பத்தி சொல்லும்போது இன்னொன்னும் சொல்லியாகணும். கி.மு. 399-ல சாக்ரடீசுக்கு குடிக்கக் குடுத்த ஹெம்லாக் விஷமும் இதே குடும்பத்துச் செடிதான். பாக்க காட்டுக் கேரட் மாதிரி, பார்ஸ்லி மாதிரி இருக்கும், ஐரோப்பாவுல குழப்பிச் சாப்பிட்டு செத்தவங்க இருக்காங்க. வல்லாரைய அதோட யாரும் குழப்பப் போறது இல்ல, ரெண்டுக்கும் சம்பந்தமே இல்லாத உருவம். ஆனா தானா மொளைக்கற செடிய பறிச்சு சாப்பிடறவங்க யாரா இருந்தாலும் காம்பு எங்க ஒட்டியிருக்குன்னு பாக்கற அந்த ஒரு நொடிய விடக் கூடாது. வல்லாரைக்கு நான் இப்ப மூணு விஷயம் பாக்கறேன்: இலையில வெட்டு இருக்கா, காம்பு அந்த வெட்டுல சேருதா, ஓரம் முழுக்க சின்னச் சின்னதா வளைஞ்ச பல்லு இருக்கா. அப்புறம் ஒரு ஓரத்த மட்டும் மென்னு பாப்பேன், துவர்ப்பும் கசப்பும் வரணும்.

எங்க அப்பாயிக்கு இந்தக் குடும்பம் கிடும்பமெல்லாம் தெரியாது, அவங்களுக்கு வேற கணக்கு. வரப்புல என்னைக் கூட்டிக்கிட்டுப் போகும்போது காட்டுவாங்க, "பாப்பா, நாலு இலை இருந்தா ஆரை, மூணு இலை இருந்து புளிச்சா புளியாரை, ஒத்த இலையா இருந்தா வல்லாரை"ன்னு. இப்ப யோசிச்சா எவ்வளவு அழகான வகைப்பாடு அது. ஆரைக்கீரை பூவே பூக்காத ஒரு பெரணி வகை, புளியாரை ஆக்ஸாலிஸ் குடும்பம், வல்லாரை கேரட் குடும்பம், மூணுக்கும் ரத்த சம்பந்தமே கிடையாது. ஆனா மூணும் ஈர மண்ணுல தரையோட படர்ந்து ஓடும், கணுவுக்குக் கணு வேர் விடும், காம்ப நிமித்தி இலைய விரிக்கும். நம்ம ஆளுங்க செடி எங்க இருக்கு, எப்படி ஓடுதுன்னு பாத்து பேர் வெச்சிருக்காங்க, பூவப் பாத்து இல்ல. எந்தக் கணக்கு சரின்னு கேட்டா ரெண்டும் சரிதான், வரப்புல நடக்கறவளுக்கு அப்பாயி கணக்குதான் உதவும்.

பக்கத்து மொழிகள்லயும் இலையப் பாத்து வெச்ச பேருதான் அதிகம். கன்னடத்துல ஒந்தெலகம்பாங்க, ஒத்த இலைங்கற அர்த்தம்தான். சமஸ்கிருதத்துல மண்டூகபர்ணி, தவளை இலை. மலையாளத்துல முத்தில், குடங்ஙல். தெலுங்குல சரஸ்வதி ஆகு. சிங்களத்துல கொட்டுகொல, அந்தப் பேருதான் இங்கிலீஷுக்கும் போச்சு. வடக்க இதையே பிரம்மின்னும் சொல்றாங்க, அங்கதான் பெரிய குழப்பம், ஏன்னா நம்ம நீர்ப்பிரமிக்கும் பிரம்மின்னுதான் பேரு, அது முழுக்க வேற செடி, சின்னச் சின்ன தடிச்ச இலை, வெள்ளைப் பூ. பிரம்மின்னு எழுதின பாட்டில வாங்கறவங்க உள்ள எந்தச் செடின்னு படிச்சுட்டு வாங்குங்க.

சரி, ஞாபக சக்தி விஷயத்துக்கு வரேன், எல்லாரும் இதத்தான் கேக்கறாங்க. என் தம்பி பத்தாவது படிக்கும்போது வீட்ல தினம் காலைல வெறும் வயித்துல நாலு வல்லாரை இலை, கூட ஒரு மிளகு. அவன் அழுதுக்கிட்டே மெல்லுவான். பரீட்சைல நல்லாத்தான் பண்ணான், ஆனா அவன் ராத்திரி பதினோரு மணி வரைக்கும் படிச்சதும் எனக்குத் தெரியும். "வல்லாரை உண்டோரிடம் மல்லாடாதே"ன்னு பழமொழியே இருக்கு, சித்த மருத்துவத்துல காலங்காலமா சொல்லிட்டு வர்ற மூலிகை, அத நான் லேசா எடுத்துக்கல. ஆனா மனுஷங்க மேல செஞ்சு பாத்த சோதனைகள எல்லாம் சேத்து அலசி 2017-ல சயின்டிஃபிக் ரிப்போர்ட்ஸ் இதழ்ல ஒரு ஆய்வு வந்துச்சு. அதுல மொத்தமா பாத்தா ஞாபகம், கவனம் மாதிரி விஷயங்கள்ல வல்லாரை சாப்பிட்டவங்களுக்கும் சாப்பிடாதவங்களுக்கும் பெரிய வித்தியாசம் தெரியல, சுறுசுறுப்பு கொஞ்சம் கூடலாம், கோவம் கொஞ்சம் கொறையலாம்னு மட்டும் சொன்னாங்க. அதனால பரீட்சை நேரத்துல புள்ளைங்களுக்கு மாத்திரை மாத்திரையா வாங்கிக் குடுக்கறவங்கள பாத்தா எனக்கு கஷ்டமா இருக்கு. கீரையா குடுங்க, ருசிக்கு குடுங்க, மார்க்குக்கு குடுக்காதீங்க.

உண்மையில வல்லாரைக்கு கெட்டியான பேரு இருக்கறது தோல் விஷயத்துல. அப்பாயி செரங்குக்கும் ஆறாத புண்ணுக்கும் இலைய அரச்சு பத்து போடுவாங்க. 1940-கள்ல மடகாஸ்கர்ல பிரெஞ்சு விஞ்ஞானிங்க இந்தச் செடியில இருந்து ஏசியாட்டிகோசைடுங்கற பொருள பிரிச்சு எடுத்து தொழுநோய் புண்ணுக்குக் குடுத்துப் பாத்தாங்க. மெடகாசோசைடுங்கற இன்னொரு பொருளோட பேர்லயே அந்தத் தீவு ஒட்டிக்கிட்டு இருக்கு. புண்ணு ஆறும்போது தோலுக்கு உறுதி குடுக்கற கொலாஜன்ங்கற புரதம் உண்டாகறத இந்தப் பொருட்கள் தூண்டும்னு லேப்ல பாத்திருக்காங்க. இன்னைக்கு கொரியாக்காரங்க சிகான்னு பேர் போட்டு விக்கற க்ரீம் பலதுலயும் பேசறது இத பத்திதான், பொண்ணுங்க அத ஆர்டர் பண்ணி மூஞ்சியில தடவறாங்க, அந்த டப்பாவுல இருக்கறது நம்ம வாய்க்கா ஓரத்துச் செடின்னு பல பேருக்குத் தெரியாது. என் தங்கச்சி பொண்ணுகிட்ட தொட்டியக் காட்டி சொன்னப்போ அவ டப்பாவ எடுத்துட்டு வந்து பேர படிச்சு, இலையப் பாத்து, திரும்பப் படிச்சு, "பெரியம்மா, நெஜமாவா!"ன்னா. அவ முகத்துல வந்த அந்த சந்தோஷம் எனக்கு ரொம்பப் பிடிச்சிருந்துச்சு.

அதுக்காக அளவில்லாம சாப்பிடலாம்னு இல்ல. 2005-ல அர்ஜென்டினா டாக்டர்ங்க மூணு பெண்கள பத்தி எழுதியிருந்தாங்க, சில வாரம் தொடர்ந்து வல்லாரை மாத்திரை எடுத்து கல்லீரல் பாதிச்சு மஞ்சள் காமாலை வந்திருக்கு, நிறுத்தினதும் சரியாயிடுச்சு. கீரையா வாரத்துல ஒரு நாள் ரெண்டு நாள் சாப்பிடறதும் சாரத்த காய்ச்சி மாத்திரையாக்கி தினமும் முழுங்கறதும் ஒண்ணு இல்ல. கர்ப்பமா இருக்கறவங்க, கல்லீரல் பிரச்சினை இருக்கறவங்க, வேற மருந்து எடுக்கறவங்க டாக்டர கேக்காம மாத்திரை பக்கம் போகாதீங்க.

இதவிட எனக்கு பெரிய கவலை தண்ணி. வல்லாரை வேர் நிக்கற எடத்துல என்ன இருக்கோ அத உறிஞ்சும், ஈயம், காட்மியம் மாதிரி உலோகத்தையும் சேத்து. வேர்ல நெறைய தங்கும், இலைக்கும் ஏறும். மண்ணுல மாசு எவ்வளவுன்னு தெரிஞ்சுக்கறதுக்கே இந்தச் செடிய மலேசியாவுல சோதிச்சுப் பாத்திருக்காங்கன்னா யோசிச்சுக்கோங்க. சாக்கடை ஓரத்துல, ரோட்டோரப் பள்ளத்துல, கம்பெனிக் கழிவுத் தண்ணி ஓடற எடத்துல வல்லாரை இங்கயும் கொழுகொழுன்னு வளருது. அந்த இலை வாய்க்கா ஓரத்து இலையவிட பச்சையா, பெருசா இருக்கும், கட்டா கட்டி கூடையில வெச்சா ஆசையா வாங்கத் தோணும். மஞ்சத் தண்ணியில அலசினா மண்ணும் பூச்சியும் போகும், உள்ள ஏறின உலோகம் போகாது. எங்க பறிச்சதுன்னு கேட்டு பதில் வந்தா மட்டும் வாங்குங்க, இல்லன்னா ஒரு தொட்டி போதும், இது அவ்வளவு சுலபமான செடி.

கணுவோட ஒரு சாண் கொடி, ஈர மண்ணு, அரை நிழல், அவ்வளவுதான். உச்சி வெயில்ல வெச்சா இலை சின்னதாகி செவந்து போகும், கசப்பும் ஏறும். தண்ணி காஞ்சா ஒரே நாள்ல தொங்கிடும், ஆனா ஊத்தினா சாயந்திரத்துக்குள்ள எந்திரிச்சுடும். பறிக்கும்போது பிடுங்காதீங்க, கத்தரிக்கோலால காம்போட நறுக்குங்க, கொடியும் வேரும் அப்படியே இருந்தா ரெண்டு மூணு வாரத்துல திரும்ப மூடிக்கும். கேரட்ட நட்டா ஒரு தடவதான், பிடுங்கினா கதை முடிஞ்சுது. அதே குடும்பத்துல பொறந்த இது வருஷம் வருஷமா இருக்கும்.

துவையலுக்கு எங்க வீட்டு வழி சொல்றேன். ரெண்டு கை இலைய காம்போட பொடியா நறுக்கி, ஒரு ஸ்பூன் நல்லெண்ணெயில உளுத்தம்பருப்பும் வரமிளகாயும் செவக்க வறுத்து எடுத்துட்டு, அதே சட்டியில இலையப் போட்டு சுருள்ற வரைக்கும் மட்டும் வதக்கணும், அதுக்கு மேல வதக்கினா வாசனை போய் கசப்பு மட்டும் நிக்கும். தேங்காய் ஒரு கை, உப்பு, சேத்து கொரகொரன்னு அரைக்கணும். அப்பாயி புளி போட மாட்டாங்க, வல்லாரைக்கு புளி ஆகாதும்பாங்க, நானும் போடறதில்ல, கடைசில எலுமிச்சை ரெண்டு சொட்டு மட்டும். யாழ்ப்பாணத்துக்காரங்க வதக்கவே மாட்டாங்க, பச்சையாவே பொடியா அரிஞ்சு தேங்காய்ப்பூ, வெங்காயம், பச்ச மிளகா, தேசிக்காய்ப் புளி, அதாவது எலுமிச்சைச் சாறு விட்டு சம்பல் போடுவாங்க, எனக்கு இப்ப அதுதான் முதல் சாய்ஸ், இலையோட முழு ருசியும் அதுலதான் இருக்கு. வியட்நாம்ல இதையே ராவ் மான்னு சொல்லி அரச்சு சர்க்கரை போட்டு ஜூஸா தெருத்தெருவா விக்கறாங்க, அதையும் ஒரு நாள் செஞ்சு பாக்கணும்.

டாலர் செடிய நான் தூக்கிப் போடல. அது மேல என்ன தப்பு இருக்கு, பேர மாத்திச் சொன்னது நம்மதானே. தண்ணி நிக்கற ஒரு மண் சட்டிக்கு மாத்தி, பையனை விட்டு ஒரு பலகையில "இது வல்லாரை இல்ல, சாப்பிடாதீங்க"ன்னு பெருசா எழுத வெச்சு பக்கத்துலயே குத்தி வெச்சிருக்கேன். வர்றவங்களுக்கு ரெண்டு இலையையும் கிள்ளி ஒரே கையில வெச்சுக் காட்டறேன், ஒண்ணுல காம்பு நடுவுல, இன்னொண்ணுல வெட்டுல.

நிஜ வல்லாரை போன வாரம் தொட்டி விளிம்பத் தாண்டிடுச்சு. ஒரு செவந்த கொடி வெளிய தொங்கி, பக்கத்து கறிவேப்பிலைத் தொட்டி மண்ண தொட்டு, தொட்ட எடத்துல வேரும் விட்டுடுச்சு. அம்மாகிட்ட போன்ல சொன்னேன், வெட்டி எடுத்துரவான்னு கேட்டேன். "வேர் விட்டத ஏண்டி எடுக்கற, ரெண்டுக்கும் சேத்து தண்ணி ஊத்து"ன்னாங்க. ஊத்திட்டு இருக்கேன்.